அழைப்பு மணியில் அப்பாவின் பெயர்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போன மூன்றாவது வாரம் முதுகுவலிக்காக ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஏழெட்டுப் பேர். வெள்ளைச் சட்டை போட்ட பெண் கதவருகே வந்து 'ஹெர் முருகேசன்', அதாவது திரு முருகேசன், என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் மற்றவர்களோடு சேர்ந்து, யார் அந்த ஆள் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒரு தமிழர் இருக்கிறார் போலிருக்கிறது, போகும்போது பேசிவிட்டுப் போகலாம் என்றுகூட நினைத்தேன். மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, எனக்கு முன்னாலும் பின்னாலும் வந்தவர்கள் எல்லோரும் போன பிறகுதான் உறைத்தது. முருகேசன் என் அப்பாவின் பெயர். ஹெர் முருகேசன் நான்தான்.

என் பெயர் சரவணன், அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர்கள் இங்கே தேவையில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் நான் மு.சரவணன். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த 'மு'வை விரிக்கச் சொன்னார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் முருகேசன் போய் உட்கார்ந்தது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தவருக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்ற கவலை, எனக்கு வரிசை சீக்கிரம் நகர்ந்தால் போதும் என்ற அவசரம். அந்தக் கட்டம் பின்னால் என்னிடமிருந்து ஆயிரம் யூரோவுக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்கு முகவரியில் வீட்டு எண் இருப்பதில்லை. தெரு, கட்டட எண், ஊர், அவ்வளவுதான். கட்டடத்தில் பத்து வீடு இருந்தாலும் தபால்காரர் பார்ப்பது தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும்தான். வீட்டுக்குப் போன அன்றைக்கே நான் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் 'சரவணன்' என்று ஆங்கில எழுத்தில் அச்சடித்து, மேலே செல்லோ டேப்பும் ஒட்டி, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். எனக்கு அது என் வீட்டு வாசலில் கோலம் போட்ட மாதிரி. ஆனால் அந்த நாட்டின் அலுவலகங்கள் எனக்கு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் இருந்தது முருகேசன். அவர்களைப் பொறுத்தவரை சரவணன் என்பது வீட்டார் செல்லமாகக் கூப்பிடும் பெயர்.

இதில் என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்தேன். கீழ்த்தளத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மையார் இருக்கிறார். கட்டடத்தில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தி, முருகேசன் என்று யாராவது உங்கள் வீட்டில் இருக்கிறாரா, தபால்காரர் கேட்டார் என்றார். என் அரைகுறை ஜெர்மனில் பெருமையாகச் சொன்னேன்: 'அது என் அப்பா. அவர் இந்தியாவில் இருக்கிறார்.' அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் தபால்காரரிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம், இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்று அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயின.

என்னென்ன திரும்பிப் போயிற்று என்று பிறகு கணக்குப் போட்டேன். முதலில் வரி அடையாள எண். புது வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். முதல்முறை பதிகிறவருக்கு அதன் பிறகு பதினொரு இலக்க எண் ஒன்று தபாலில் வரும். அது இல்லாவிட்டால் சம்பளப் பிரிவு நம்மை ஆறாம் வரி வகுப்பில் போட்டுவிடலாம், அதுதான் இருப்பதிலேயே கூடுதலாகப் பிடிக்கும் வகுப்பு. எனக்கு மாதம் ஐந்நூறு யூரோவுக்கு மேல் அதிகம் பிடித்தார்கள், இரண்டு மாதம். பணம் பிறகு திரும்பி வந்தது, ஆனால் முன்பணமும் முதல் மாத வாடகையும் கட்டிவிட்டுக் கையைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது வரவில்லை. அடுத்தது வங்கி அட்டையின் ரகசிய எண். அட்டை அலுவலகத்தில் நேரில் கிடைத்துவிட்டது, எண் தபாலில் போய்விட்டது. பத்து நாள் கையில் அட்டையை வைத்துக்கொண்டு நண்பரிடம் கடன் வாங்கினேன். பிறகு வானொலி தொலைக்காட்சிக் கட்டணம். வீட்டில் பெட்டி இருக்கிறதோ இல்லையோ வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08 கட்ட வேண்டும். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தபோது தாமதக் கட்டணம் எட்டு யூரோவும் சேர்ந்திருந்தது. எட்டு யூரோ பெரிய தொகை இல்லை, ஆனால் வாழ்க்கையில் ஒரு பில்லைக்கூடத் தாமதமாகக் கட்டாத முருகேசனின் பெயரில் வந்த அபராதம் அது.

மனதை மிகவும் சுட்டது குடியிருப்பு அனுமதிக்கான கடிதம். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து இந்த நாளில் வாருங்கள் என்று அழைத்த கடிதமும் திரும்பிவிட்டது. அடுத்த நேரம் கிடைக்க ஆறு வாரம். அதற்குள் விசா முடிகிற தேதி நெருங்கிவிட்டதால், தங்கை கல்யாணத்துக்காக வாங்கியிருந்த சென்னை டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது உறுதியில்லை என்றார்கள். 340 யூரோ போயிற்று. தாலி கட்டுவதைக் கைப்பேசித் திரையில் பார்த்தேன். படம் இரண்டு முறை உறைந்தது, மூன்றாம் முடிச்சு போட்டு முடிந்த பிறகுதான் நகர்ந்தது.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் நகர அலுவலகத்தில் இருந்த ஓர் இளம்பெண். உங்கள் குடும்பப் பெயர் என்ன என்றார். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றேன். நம்பவில்லை. அவரிடம் என்ன சொன்னேன் என்று யோசித்தால் இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. ஒரு காலத்தில் எங்கள் ஊரிலும் பெயருக்குப் பின்னால் ஒட்டு இருந்தது, அது சாதிப் பெயர், 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், பெரியார் தம் பெயரிலிருந்தே எடுத்தார், அதன் பிறகு எங்களில் பலருக்கு அப்பாவின் முதல் எழுத்தும் சொந்தப் பெயரும்தான் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, 'மிக நல்ல விஷயம். ஆனால் தபால் பெட்டியில் முருகேசன் என்று ஒட்டுங்கள்' என்றார்.

ஆகவே, விமானம் ஏறுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திறந்து குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இருக்கிற பெயர்தான் இனி உங்களைக் கூப்பிடும் பெயர். அப்பா பெயரோ, தாத்தா பெயரோ, ஊர்ப் பெயரோ, வாயில் நாலு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம், வங்கி, முகவரிப் பதிவு, டிக்கெட் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கள், அதே வரிசை. ஓர் இடத்தில் எஸ்.முருகேசன், இன்னோர் இடத்தில் எம்.சரவணன் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் எழுதினால் அவர்கள் இரண்டு பேரைத் தேடுவார்கள். தபால் பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் முடிந்தவரை ஊரிலேயே அதைச் சரிசெய்துகொண்டு கிளம்புவது நல்லது. அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களுக்கு முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடித்துவிடுகிறார்கள், அதாவது முதற்பெயர் தெரியவில்லை. அங்கே இருக்கும் என் நண்பன் ஒருவனை அலுவலகத்தில் கொஞ்ச நாள் 'ஃப்னு' என்றே கூப்பிட்டார்களாம்.

தபால் ஒழுங்கானது. வாய் ஒழுங்காகவில்லை. ஜெர்மனில் நமக்கு இருப்பது போலவே நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு: 'டு', 'ஸீ'. நமக்குப் புதிதில்லையே என்று நினைத்தேன். அந்த 'ஸீ'யின் நேர்ப்பொருள்கூட 'அவர்கள்'தான், தலைவர் அவர்கள் என்று மேடையில் விளிக்கும் நமக்கு அது சொந்தக்கார வார்த்தை மாதிரி. ஆனால் மொழி கற்றுக்கொடுத்த கைப்பேசிச் செயலி எனக்கு முதலில் ஊட்டியது 'டு'. அந்த வேகத்தில் கீழ்த்தளத்து அம்மையாரைப் பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று 'டு' போட்டுக் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல்லைத் திருத்தினார்: 'இஹ்னென்'. உங்களுக்கு என்று பொருள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் ஊரில் எழுபது வயதுப் பெண்மணியை நீ என்று கூப்பிடுகிற ஆளா நான்? அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்நிய மொழியில் நாம் எவ்வளவு மரியாதை கெட்டவராகத் தெரிகிறோம் என்பது நமக்கே தெரியாமல் போவதுதான் இதில் அவமானம்.

பயந்துபோய் அடுத்த நாளிலிருந்து எல்லோரையும் 'ஸீ' என்றேன். அலுவலகத்தில் முதல் நாளே எல்லோரும் 'டு', மேலாளர் உட்பட, என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. ஐம்பத்தைந்து வயது மனிதரை, அதிலும் முனைவர் பட்டம் வாங்கியவரை, பெயர் சொல்லி நீ என்பதா? 'ஹெர் டாக்டர்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சில வாரம் கழித்துச் சக ஊழியர் ஒருவர் தனியாகக் கேட்டார், மேலாளரோடு உனக்கு ஏதாவது மனக்கசப்பா என்று. நான் தலைகுனிந்து நின்று கொடுத்த மரியாதையை அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகப் படித்திருக்கிறார்கள். 'டு' என்று கொடுத்த பிறகு மறுபடி 'ஸீ'க்குப் போவது அங்கே உறவை முறிப்பதற்குச் சமம். நம்மில் ஒன்றாகப் படித்தவன் அதிகாரியாக வந்தால் நீ என்பது நீங்கள் ஆகிவிடும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பாதை அங்கே ஒருவழிப் பாதை.

சரி, இனிமேல் 'டு' என்று துணிந்தேன். துணிந்த இரண்டாம் வாரம் ஒரு வாடிக்கையாளருக்கு 'ஹாலோ' போட்டு, முதற்பெயர் எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். நம் அலுவலகத்துக்குள் 'டு' என்றால் உலகத்துக்கே 'டு' என்று பொருள் இல்லை. பதில் வந்தது. மூன்றே வரி. 'மதிப்பிற்குரிய திரு முருகேசன்' என்று தொடங்கி, கீழே முழுப் பெயரோடு முனைவர் பட்டமும் போட்டு முடிந்திருந்தது. படிக்கிறபோதே அறையில் குளிர் ஏறுகிற மாதிரி இருந்தது. மேலாளர் கூப்பிட்டு, கோபமில்லாமல், இனிமேல் முதல் கடிதத்தை எனக்குக் காட்டிவிட்டு அனுப்பு என்றார். நாற்பது வயதில் கட்டுரை நோட்டைக் காட்டுகிற பையனானேன்.

இந்த மூன்று அடியும் வாங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நமக்கு மரியாதை என்றால் பெயரைத் தவிர்ப்பது. சார் என்போம், அண்ணா என்போம், ஐயா என்போம், பெரியவர் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். என் அம்மா நாற்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். நீயா நீங்களா என்று தடுமாற்றம் வந்தாலும் 'சாப்பாடு ஆயிற்றா, ஊருக்குக் கிளம்புவது எப்போது' என்று ஆளைத் தொடாமலே நழுவிவிட நம் மொழி இடம் கொடுக்கிறது. அங்கே நேர்மாறு. மரியாதை என்பது குடும்பப் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, சரியாக உச்சரித்து, முகத்துக்கு நேராகச் சொல்வதுதான். 'சார்' என்பதற்குச் சமமாகத் தனியே நிற்கிற ஒரு சொல் அன்றாடப் பேச்சில் கிடையாது. ஆணுக்கு 'ஹெர்' என்றாலும் பெண்ணுக்கு 'ஃபிராவ்' என்றாலும் பின்னால் பெயர் வர வேண்டும். நான் படிக்கட்டில் வெறும் வணக்கம் சொல்லிப் பணிவாக ஒதுங்கி நின்றபோதெல்லாம் அந்த அம்மையார், ஐந்து வாரமாகியும் இந்தப் பையனுக்கு என் பெயர் தெரியவில்லை என்று நினைத்திருக்கிறார். அவர் பெயர் அழைப்பு மணியிலேயே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

எனவே இப்போது நான் செய்வது இதுதான். புதியவர் யாராக இருந்தாலும் 'ஸீ', ஹெர் அல்லது ஃபிராவ், குடும்பப் பெயர். அவர் முனைவர் என்றால் 'ஹெர் டாக்டர் இன்னார்', அது வேண்டாம் என்று அவரே சொல்லும்வரை. வயதில் மூத்தவர் அல்லது பதவியில் மேலே இருப்பவர்தான் 'டு'வைக் கொடுக்க வேண்டும். இளையவர் தானாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கொடுத்தால் மறுக்கவும் கூடாது, அன்றிலிருந்தே புழங்க ஆரம்பித்துவிட வேண்டும். கடிதத்தில் ஆள் யாரென்று தெரியாவிட்டால் பொதுவாக 'மதிப்பிற்குரிய பெண்மணிகளே, கனவான்களே' என்று தொடங்கும் வாய்பாடு இருக்கிறது, ஆனால் பெயர் தெரிந்தும் அதை எழுதினால் சோம்பேறித்தனம். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்காதீர்கள். ஆந்த்ரேயா ஜெர்மனியில் பெண், இத்தாலியில் ஆண். எனக்கே இரண்டு முறை 'ஃபிராவ் முருகேசன்' என்று கடிதம் வந்திருக்கிறது, அவர்களுக்கும் அதே திண்டாட்டம்தான். பழைய பாடப்புத்தகம் கையில் கிடைத்து அதில் 'ஃப்ராய்லைன்' என்று இருந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுங்கள். திருமணமாகாத பெண்ணைக் குறிக்கும் அந்தச் சொல்லை மேற்கு ஜெர்மனி 1972இலேயே அரசு ஏடுகளிலிருந்து எடுத்துவிட்டது. நான் அதை ஒரு பேக்கரியில் சொல்லிவிட்டு, கிடைத்த பார்வையைத் தாங்க முடியாமல் வேறு பேக்கரிக்கு மாறினேன்.

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றில்தான் சுவாரசியம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் மலையேறுகிறவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் 'டு' என்று ஒரு வழக்கம். மூச்சு வாங்கும்போது மரியாதை எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. முதற்பெயரைச் சொல்லிவிட்டு 'ஸீ' என்று பேசுவதற்கு ஹாம்பர்க் ஸீ என்றே பெயர். எனக்குப் பிடித்தது அதுதான், நம் 'சரவணன், நீங்கள்' என்ற பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போனால் பட்டங்கள் இன்னும் கனமாகும். முதுகலை முடித்தவரைக்கூட 'ஹெர் மாகிஸ்டர்' என்பார்கள்.

கீழ்த்தளத்து அம்மையார் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 'கேர்வோகெ' என்று ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒரு வீடு முறை வைத்து மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் சிறிய பலகையைத் தொங்கவிடுவார்கள். ஓராண்டுக்கு மேல் 'குட்டன் டாக்' என்று பெயரோடு அவருக்கு வணக்கம் சொல்லி, என் முறை தவறாமல் படியைத் துடைத்துவந்தேன். ஒரு சனிக்கிழமை நான் மண்டியிட்டுக் கைப்பிடிக் கம்பியின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே போய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் முதற்பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் முதற்பெயரைச் சொல்லிக் கைகொடுத்தால் அதுதான் 'டு' கொடுப்பது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. நானும் சரவணன் என்றேன். 'முருகேசன் இல்லையா?' என்றார். 'அது அப்பா' என்றேன். இருவரும் சிரித்தோம். பழைய கதை அவருக்கும் நினைவிருந்தது.

குடும்பத்தை அழைத்துக்கொள்ளும்போது இன்னொரு சுற்று காத்திருந்தது. மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அவளுடைய அப்பா பெயர், மகள் பெயருக்குப் பின்னால் என் பெயர், எனக்கு என் அப்பா பெயர். மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்த்து எப்போதும் பையில் வைத்திருங்கள், பயணத்தில் மட்டுமல்ல, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் கேட்கிறார்கள். தபால் பெட்டியில் மூன்று பெயரையும் ஒட்டினேன். எங்கள் பெட்டியைப் பார்க்கிறவர்கள் மூன்று பேர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு தங்கியிருக்கிறோம் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

சென்ற கோடையில் அம்மா வந்து இரண்டு மாதம் இருந்தார். அப்பாவுக்கு விமானம் ஆகாது, வரவில்லை. எங்களில் பாஸ்போர்ட்டின்படி உண்மையிலேயே ஃபிராவ் முருகேசன் என்றால் அது அம்மா ஒருவர்தான். ஒரு மதியம் நாங்கள் யாரும் இல்லாதபோது பார்சல் கொண்டுவந்தவர் மணி அடித்து 'முருகேசன்?' என்று கேட்டிருக்கிறார். அம்மா தமிழிலேயே ஆமாம் என்று சொல்லி, கையெழுத்தும் போட்டு வாங்கி வைத்துவிட்டார். மாலையில் நான் வந்ததும் மேசையைக் காட்டிச் சொன்னார், 'உன் அப்பா பெயருக்கு ஏதோ வந்திருக்கிறது, நீயே பிரித்துக்கொள்.'